மீனுக்குப் பொன்னிறம் தரும் செண்டுமல்லி!

சட்டியில் போடும்போது இறால் சாம்பல் நிறமாக இருக்கிறது. சூடு ஏறியதும் செக்கச்செவேலென்று ஆகிவிடுகிறது. அந்தச் சிவப்பை அதற்குப் பூசியது யார்?

யாரும் பூசவில்லை. சிவப்பு முதலிலிருந்தே இறாலின் ஓட்டுக்குள் இருந்தது. ஒரு வகைப் புரதம் அதைப் பிடித்து மறைத்து வைத்திருந்தது. வெந்ததும் பிடி தளர்ந்தது. சிவப்பு வெளியே தெரிந்தது.

அந்தச் சாயத்தின் பெயர் அஸ்டாஸாந்தின். நோபல் பரிசு பெற்ற ரசாயன அறிஞர் ரிச்சர்டு கூன், சோரன்சனுடன் சேர்ந்து 1938-ல் இதைச் சிங்கி இறாலிலிருந்து பிரித்து ஆராய்ந்தார்.

பொன்மீனின் மேனியை மின்ன வைப்பதும் இதே சாயம்தான்!

நிறம்தான் விலை

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வீட்டுக் கொல்லையிலும் மாடியிலும் தொட்டி கட்டி மீன் வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் பல உண்டு. பொன்மீன் குஞ்சு பிறக்கும்போது தங்கமாகப் பிறப்பதில்லை. மங்கிய பழுப்பு நிறத்தில்தான் இருக்கும். அது நிறம் மாறும்வரை தீனி போட்டுக் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தும் மீன் வெளிறி நின்றால், வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்பார். பட்ட பாடெல்லாம் வீண்!

ஏன் வெளிறுகிறது?

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களைக் கொடுக்கும் சாயங்களுக்குக் கரோட்டினாய்டு என்று பெயர். செடிகளும் பாசிகளும் இவற்றைத் தாமே தயாரித்துக்கொள்ளும். மீனால் முடியாது, தின்றுதான் பெற வேண்டும். குளத்து மீனுக்குப் பாசியும் நீர்ப்பூச்சியும் கிடைக்கின்றன. தொட்டி மீனுக்கோ தவிடும் பிண்ணாக்கும்தான்! மஞ்சள் சோளம் தின்னாத கோழியின் முட்டைக் கரு வெளுத்திருக்கிறது அல்லவா? அதே கதைதான் இங்கும்.

தோட்டத்திலே மருந்து

செண்டுமல்லிப் பூவில் லூட்டின் என்ற மஞ்சள் சாயம் நிறைய இருக்கிறது. சுருள்பாசியில் ஸியாஸாந்தின் இருக்கிறது. பொன்மீனின் உடம்பு இவற்றை வாங்கி, அஸ்டாஸாந்தினாக மாற்றிக்கொள்ளும் திறமை படைத்தது. எல்லா மீன்களுக்கும் இந்தத் திறமை கிடையாது. அவற்றுக்கு இறால் தலையையும் ஓட்டையும் காயவைத்துப் பொடித்துக் கொடுத்தால், அஸ்டாஸாந்தின் நேராகவே கிடைத்துவிடும். காரட், சிவப்பு மிளகாய் ஆகியவற்றிலும் சாயம் உண்டு.

செம்பருத்தி இதழைத் தீவனத்தில் சேர்த்துப் பொன்மீனுக்குக் கொடுத்துப் பார்த்த இந்திய ஆராய்ச்சி ஒன்று 2007-ல் வெளியாயிற்று. மீனின் நிறத்துக்கு இந்தப் பூ நன்றாக உதவுகிறது என்பதே அதன் முடிவு.

செய்வது எப்படி?

வெயிலும் சூடும் இந்தச் சாயங்களுக்குப் பகை. ஆகவே இதழ்களை நிழலில் உலர்த்த வேண்டும். தவிடு, பிண்ணாக்கு, மீன்தூள், மரவள்ளி மாவு ஆகியவற்றைப் பிசைந்து வேகவைத்து, ஆறிய பிறகு இதழ்ப் பொடியைச் சேர்ப்பது நல்லது. இவை கொழுப்பில் கரையும் சாயங்கள். கொஞ்சம் மீன் எண்ணெய் கலந்தால் உடம்பில் நன்றாகச் சேரும். காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். பலன் ஒரே நாளில் தெரியாது. சில வாரங்கள் பொறுக்க வேண்டும்.

அளவுக்கு மிஞ்சினால் இதுவும் கெடுதலே. வெள்ளை உடலில் சிவப்புத் திட்டுகள் கொண்ட ஜப்பானியக் கோய் மீனுக்குச் சாயத் தீவனத்தை அள்ளிக் கொடுத்தால், வெள்ளையும் மஞ்சள் தட்டி அழகு கெடும். நீல மீனுக்கோ இந்தத் தீவனத்தால் பயனில்லை. நீலம் என்பது தோலிலுள்ள நுண்ணிய படிகங்கள் ஒளியைச் சிதறவைப்பதால் தோன்றுவது.

ஊசி ஏற்றும் கொடுமை

அவசரக்காரர்கள் வேறு வழியும் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டு நீர்நிலைகளில் வாழும் கண்ணாடி மீனின் உடம்பில் ஊசியால் சாயம் ஏற்றி, வெளிநாட்டுச் சந்தைகளில் விற்றார்கள். வாயில்லா ஜீவனுக்கு எத்தனை வேதனை! ஊசிக் காயம் நோய்க்கு வாசல் திறந்தது. ஏற்றிய சாயமும் சில மாதங்களில் மங்கிப்போயிற்று. காசு கொடுத்து வாங்கியவரும் ஏமாந்தார்.

செண்டுமல்லி தரும் நிறம் அப்படியல்ல; மீன் தானே தின்று, தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும் நிறம். ஆனால் ஒன்று: தீனியை நிறுத்தினால் அதுவும் மெல்ல மங்கும். வீட்டில் பொன்மீன் வளர்ப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். மாலையிலிருந்து உதிர்ந்த பூ என்றால், பூச்சிமருந்து படாத பூதானா என்று பார்த்துக்கொள்வதும் அவசியம்!