அம்மை குத்துவதும் அம்மை போடுவதும்



"பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு" என்றால் நோய் வந்துவிட்டது என்று பொருள். "அம்மை குத்தியாச்சு" என்றால் நோய் வராமல் இருக்கத் தடுப்பு மருந்து கொடுத்தாயிற்று என்று பொருள். வினை மாறினால் விஷயமே தலைகீழ்!

மற்ற மருந்துகளுக்கு 'ஊசி போடுகிறோம்'. பெரியம்மைக்கு மட்டும் ஏன் 'குத்துதல்'? பெரியம்மைத் தடுப்பு மருந்தை அந்நாளில் சதைக்குள் செலுத்தவில்லை. நுனி இரண்டாகப் பிளந்த சிறு ஊசியை மருந்தில் தோய்த்து, மேல்கைத் தோலில் ஒரே இடத்தில் பதினைந்து முறை வேகமாகக் குத்தினார்கள். அங்கே கொப்புளம் எழும்பி, பொருக்குத் தட்டி உதிரும். தழும்பு நிலைத்துவிடும். இந்த ஊசி வந்தது 1960களில். அதற்கு முன்பு தோலைக் கீறி மருந்தைத் தடவுவதும் உண்டு.

1796 மே 14 அன்று இங்கிலாந்தில் மருத்துவர் எட்வர்ட் ஜென்னர், பெரியம்மையைத் தடுக்க, பால்காரப் பெண் ஒருவரின் கையில் இருந்த மாட்டம்மைக் கொப்புளத்து நீரை எடுத்து, எட்டு வயதுச் சிறுவனுக்குச் செலுத்தினார். 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை அன்னா டஸ்டால், இந்தியாவில் முதலாவதாக அம்மை குத்திக்கொண்டாள். பெரியம்மை ஒழிந்தது என்று 1980-இல் உலக சுகாதார அமைப்பு அறிவித்தது.

ஆகவே, இன்றைய குழந்தைகளின் இடக்கைத் தழும்பு அம்மை குத்தியதால் வந்தது அல்ல. அது காசநோய்க்கு எதிராகப் பிறந்தவுடன் போடும் பிசிஜி ஊசியின் அடையாளம்.