பளியர் அறிவும் சூழலியலும்: திருவில்லிபுத்தூர் மலைவனப் பாதுகாப்பை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மலைவனப் பாதுகாப்பில் உள்ளூர் அறிவையும் அறிவியலையும் இணைக்க வேண்டும் என்னும் கருத்து இன்று பரவலாக ஏற்கப்படுகின்றது. ஆயின், இணைக்கப்படும் உள்ளூர் அறிவு எத்தகைய இயல்புடையது என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. பளியரின் வன அறிவு பொதுவில் சேமித்து வைக்கப்பட்ட தொகுப்பன்று. ஒவ்வொருவரும் காட்டில் நடந்து பெறும் தன்னனுபவ அறிவாகும். ஆகவே, அதனைப் பட்டியலிடுவதோடு நில்லாமல், அறிந்தவரையே கண்காணிப்பிலும் முடிவெடுத்தலிலும் பங்குபெறச் செய்வதே உண்மையான இணைப்பு என இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: பளியர், தன்னனுபவ அறிவு, சோளகர், வன உரிமைச் சட்டம், இருக்கன்குடி.

முன்னுரை

சாத்தூருக்கு அருகே அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் இருக்கன்குடி அமைந்துள்ளது. இங்குள்ள நீர்த்தேக்கம் இவ்விரு ஆறுகளின் வரத்தையே நம்பியிருக்கின்றது. அவ்வரத்தின் ஒரு பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் இறங்கும் ஓடைகளிலிருந்து வருகின்றது. எனவே, மலைவனத்தின் நிலை மலையில் வாழ்வோருக்கு மட்டும் உரிய சிக்கலன்று. மானாவாரி வேளாண்மையும் பட்டாசுத் தொழிலும் சூழ்ந்த இச்சமவெளிக்கும் உரியதாகும்.

இம்மலையில் 1988ஆம் ஆண்டு சாம்பல் நிற அணில் சரணாலயம் நிறுவப்பட்டது. 2021ஆம் ஆண்டு இதனையும் மேகமலைச் சரணாலயத்தையும் இணைத்துப் புலிகள் காப்பகம் உருவாக்கப்பட்டது. செண்பகத்தோப்பு, அய்யனார் கோயில், தாணிப்பாறை முதலிய மலையடிவாரப் பகுதிகளில் பளியர் வாழ்கின்றனர். பாறைத் தேன் எடுத்தலும் காட்டு வள்ளிக்கிழங்கு அகழ்தலும் மூலிகை சேகரித்தலும் அவர்தம் மரபுத் தொழில்களாகும்.

பளியர் அறிவின் இயல்பு

பளியரிடையே 1960களின் தொடக்கத்தில் களப்பணி செய்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், 1966ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் குறிப்பிடத்தக்க கருத்தொன்றை முன்வைத்தார். பளியரின் அறிவு பெரும்பாலும் தனிமனிதர் தம் பட்டறிவால் ஈட்டிக்கொள்வது. முறைப்படி கற்பிக்கப்படுவதோ அனைவராலும் ஒருபடித்தாகப் பகிரப்படுவதோ அன்று என்பது அவர் கண்ட முடிவு. ஒருவர் மற்றவர்மீது கருத்தைத் திணிக்காத சமநிலைப் பண்பே இதற்கு அடிப்படை என அவர் விளக்கினார்.

இதன் உட்பொருள் ஆழமானது. ஒரே செடிக்கு இருவர் வெவ்வேறு பெயரோ பயனோ கூறுவாராயின், ஒருவர் அறியாதவர் என்று கொள்ள வேண்டியதில்லை. இருவரும் வெவ்வேறு ஓடைகளில், வெவ்வேறு பருவங்களில் கண்டவற்றைக் கூறியிருக்கலாம். இத்தகைய அறிவு நூலிலோ வாய்ப்பாட்டிலோ காக்கப்படுவதன்று. காட்டில் நடக்கும் கால்களோடு அது வளர்கின்றது, நடை நின்றால் அடுத்த தலைமுறையோடு நின்றுவிடுகின்றது.

ஒப்புமையை அளக்கும் முறையின் வரம்பு

இனத்தாவரவியல் ஆய்வுகளில் தகவலாளர் ஒப்புமைக் காரணி என்னும் அளவீடு பெரிதும் பயன்படுகின்றது. டிராட்டர், லோகன் ஆகியோர் 1986இல் முன்வைத்த இம்முறை, ஒரு நோய்வகைக்குரிய தாவரங்கள் குறித்துத் தகவலாளர்கள் எந்த அளவு உடன்படுகின்றனர் என்பதைக் கணக்கிடுகின்றது. பயன்மிக்க மூலிகைகளைத் தெரிவு செய்ய இது உதவும். ஆனால், உடன்பாட்டை அறிவின் அடையாளமாகக் கொள்ளும் முறை, உடன்பாட்டை நாடாத சமூகத்தின் அறிவைக் குறைத்தே காட்டும். ஒருவர் மட்டும் கூறிய செய்தி கணக்கில் வலுவிழந்துபோகும். அவர் மட்டுமே அறிந்த ஓடையைப் பற்றிய செய்தியாக அது இருக்கவும் கூடும். களப்பட்டியல்களைத் தொகுக்கும் நம் ஆய்வாளர்கள் இதனைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

சாம்பல் நிற அணிலை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஓடைக்கரை மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று தொடும் இடங்களையே அது பெரிதும் சார்ந்துள்ளது. ஓர் அணில் ஒன்றுக்கு மேற்பட்ட கூடுகளைக் கட்டுவதால், கூடுகளை மட்டும் எண்ணி அணில்களின் தொகையைக் கூறிவிட இயலாது. எந்தக் கூடு புழக்கத்தில் உள்ளது, எந்த மரம் எப்போது காய்க்கின்றது, எங்குக் கிளைத்தொடர்ச்சி அறுந்தது என்பனவற்றை அறிய, அவ்வோடையில் நாள்தோறும் நடப்பவரின் துணை வேண்டும். அவர் கூற்றைச் சரிபார்க்கவும், பல ஓடைகளை ஒப்பிடவும், ஆண்டுதோறும் ஒரே அளவுகோலால் பதியவும் அறிவியல் முறை வேண்டும்.

சோளகர் மலை தரும் சான்று

இத்தகைய கூட்டு முயற்சிக்குக் கருநாடகத்தின் பிலிகிரிரங்கன் மலை சான்றாகின்றது. அங்கு வாழும் சோளகர், முன்பு சருகுக்கு இடும் சிறுதீயால் காட்டைப் பேணினர். 1974இல் சரணாலயம் அமைந்தபின் அவ்வழக்கம் தடுக்கப்பட்டது. நெல்லி மரங்களில் புல்லுருவியும் காட்டில் உண்ணிச்செடியும் பெருகியதற்குத் தீ நின்றதே காரணம் என்று சோளகர் கூறினர். ஆய்வாளர்கள் இக்கூற்றை நம்பிக்கை என ஒதுக்கவுமில்லை, அப்படியே ஏற்கவுமில்லை. ஆய்வுக்குரிய கருதுகோளாகக் கொண்டு கள அளவீடுகளோடு ஒப்பிட்டனர். நெல்லிக்காய் விளைச்சலைச் சேகரிப்போரும் ஆய்வாளரும் சேர்ந்து மதிப்பிடும் முறையும் அங்கு உருவாயிற்று. 2011இல் அம்மலை புலிகள் காப்பகமான அதே ஆண்டில், வன உரிமைச் சட்டத்தின்கீழ்ச் சோளகரின் சமூக உரிமைகளும் ஏற்கப்பட்டன. அறிவை மதித்தலும் உரிமையை ஏற்றலும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை இது உணர்த்துகின்றது.

சட்டம் தரும் இடம்

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(1)(ஐ)இல் சமூக வன வளத்தைக் காக்கவும் மேலாண்மை செய்யவும் உரிமை அளிக்கின்றது. பிரிவு 3(1)(கே) மரபறிவு மீதான சமூக உரிமையை ஏற்கின்றது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பன்மைச் சட்டத்தின்படி உள்ளாட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு பேணப்படவேண்டும். இப்பதிவேடு தாவரப் பெயரும் பயனும் மட்டும் கொண்டதாயின் முன்கூறிய குறையே அதிலும் நேரும். கண்டவர் யார், எவ்விடத்தில், எப்பருவத்தில், எத்தனை ஆண்டு பட்டறிவில் என்பனவும், மாறுபட்ட கூற்றுகளும் அதில் இடம்பெற வேண்டும். அரிய மூலிகை விளையும் இடத்தைக் கூறியவரின் இசைவின்றி வெளியிடலாகாது.

முடிவுரை

அறிவியல் பரந்த நிலப்பரப்பை ஒப்பிட்டு அளக்கின்றது. பளியர் அறிவு ஓர் ஓடையை நெடுங்காலம் நெருங்கிக் காண்கின்றது. பின்னதை மாறாத பட்டியலாக்கினால் அதன் உயிர்ப்பு அகன்றுவிடும். காட்டினுள் செல்லும் உரிமையும் கண்காணிப்பில் ஊதியத்துடன் கூடிய பணியும் முடிவெடுக்கும் அவையில் இடமும் பளியருக்குக் கிட்டும்போதே அவ்வறிவு தொடரும். அவர்கள் காத்து நிற்கும் ஓடைகளின் நீரே இருக்கன்குடிக்கும் வந்துசேர்கின்றது என்பதால், இது சமவெளி மக்களும் முன்னெடுக்க வேண்டிய கோரிக்கையாகும்.