புகைக்குழாயில் ஒரு காவலன்

கல்முனையூடாகச் செல்லும் பிரதான வீதியின் இரு மருங்கிலும் கடைகளும் வீடுகளும் பாடசாலைகளும் நெருங்கி நிற்கின்றன. அங்கு ஓடும் வாகனங்கள் கக்கும் புகையைச் சுவாசிப்பவர்கள் வீதியோரம் நடந்து செல்லும் நமது பிள்ளைகளே.

காணியை விட்டு இடம்பெயர்ந்தபின், எஞ்சிய நகையை விற்றுப் பாவித்த காரையோ சிறு வானையோ வாங்கி, வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு வரும் சோதனை ஒன்றைப் பற்றியே இங்கு பேசுகிறோம். "புகைக்குழாயில் உள்ள பெட்டியைக் கழற்றித் தாருங்கள், நல்ல விலை தருகிறோம்" என்று சிலர் கேட்பதுண்டு. அது என்ன பெட்டி? அதற்கு ஏன் விலை?

அதுவே ஊக்கி மாற்றி. கராஜ்களில் 'கட்டலிட்டிக் கொன்வேட்டர்' என்பர். உள்ளே தேன்கூட்டைப் போல நுண்ணிய துளைகள் நிறைந்த பீங்கான் கட்டி இருக்கும். துளைகளின் சுவர்களில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் என்னும் அரிய உலோகங்கள் மிக மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். சில கிராம்தான், ஆயினும் விலை அதற்கே.

பெற்றோல் எஞ்சினின் புகையில் மூன்று தீமைகள் உள்ளன: குருதி ஒட்சிசனைக் காவுவதைத் தடுக்கும், மணமற்ற காபனோரொட்சைட்டு, எரியாமல் எஞ்சும் பெற்றோல் ஆவி, நெஞ்சை வருத்தும் நைதரசன் ஒட்சைட்டுகள். சூடேறிய அவ்வுலோகங்களின் மேற்பரப்பில் இவை காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் நைதரசனாகவும் மாறுகின்றன. உலோகம் செலவாவதில்லை, மாற்றத்தைத் தூண்டிவிட்டுத் தான் அப்படியே இருக்கிறது.

ஈயம் படிந்தால் இந்த உலோகம் செயலிழந்துவிடும். அமெரிக்காவில் 1975இல் இக்கருவி பரவலாகப் பொருத்தப்பட்டபோது, ஈயமற்ற பெற்றோலும் உடன் தேவைப்பட்டது. குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் ஈயத்தை இலங்கை 2002இல் பெற்றோலிலிருந்து நீக்கியது. உலகம் முழுவதிலும் வாகனங்களுக்கான ஈயப் பெற்றோல் ஒழிந்தது 2021இல்தான்.

பெட்டியைக் கழற்றினால் வண்டி ஓடும். ஆனால் நஞ்சு நேராக வெளியேறும். 2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனையிலும் வாகனம் தவறக்கூடும். அச்சான்றிதழ் இன்றி வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. இன்று பெற்ற பணம் நாளை உழைப்பையே முடக்கலாம்.

வாகனம் வைத்திருப்போர் கவனிக்க:

1. பாவித்த வாகனத்தை வாங்குமுன் இப்பெட்டி உள்ளதா என்று நம்பகமான மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

2. பிளக் சரியாக எரியாவிட்டால் தாமதியாது திருத்துங்கள். எரியாத பெற்றோல் பெட்டிக்குள் சென்று எரிந்தால் பீங்கான் உருகிவிடும்.

3. பெட்டி கடுஞ்சூடானது. களத்திலோ வயலோரத்திலோ வைக்கோல், காய்ந்த புல் மீது வண்டியை நிறுத்தாதீர்கள், தீப்பற்றக்கூடும்.

4. டீசல் உழவு இயந்திரங்களில் இவ்வகைப் பெட்டி பயன்படாது. காற்று வடிகட்டியையும் நொசிலையும் ஒழுங்காகச் சுத்தம் செய்வித்தால் கரும்புகை குறையும்.

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் தர்மம் என்பர் நம் முஸ்லிம் சகோதரர்கள். அயலவரை நேசிக்க அழைக்கிறது நற்செய்தி. காற்றும் இறைவன் நமக்கு ஒப்படைத்த அமானிதமே. மண்ணை இழந்த நாம், பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றையும் விற்றுவிடாதிருப்போமாக.