கணினி இல்லாமலே ஏ.டி.பி.: எந்தக் கைப்பேசியில் செய்யலாம், எதில் கூடாது

1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தையொட்டிச் செங்கல்பட்டில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். இந்தியாவில் கைப்பேசிச் சேவை தொடங்கியதே அதற்கடுத்த ஆண்டில்தான். இன்று மாமல்லபுரம் கடற்கரையோரச் சேரிகளில் கைப்பேசி இல்லாத இளைஞர் அரிது. ஆயினும், நடந்ததை மெய்ப்பிக்கும் பதிவு நம் கையில் எஞ்சுகிறதா என்பது வேறு கேள்வி.

அண்மையில் இப்பகுதியில், சுடுகாட்டுப் பாதைச் சிக்கல் குறித்த ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ ஒன்றுக்குச் சென்றிருந்தோம். (அமைதி என்றால் அங்கே ‘புகாரைத் திரும்பப் பெறு’ என்று பொருள்.) மாணவர் ஒருவர் சட்டைப்பையில் கைப்பேசியை வைத்து ஒலிப்பதிவு செய்தார். மிரட்டல் தொடங்கியபோது பதிவு ஓடவில்லை. மின்கலத்தைச் சேமிப்பதற்காகப் பதினோராவது நிமிடத்திலேயே கைப்பேசி அச்செயலியை நிறுத்தியிருந்தது.

அமைப்புகளில் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிப் பார்த்தும் பலிக்கவில்லை. எஞ்சியிருந்த வழி ஏ.டி.பி., அதாவது ஆண்ட்ராய்டு டீபக் பிரிட்ஜ். முன்பு இதற்குக் கணினியும் கேபிளும் வேண்டும்; நம் மாணவர்களில் பலரிடம் மடிக்கணினி கிடையாது. 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11 ‘வயர்லெஸ் டீபக்கிங்’ வசதியைத் தந்தது. இப்போது கைப்பேசி தனக்குத்தானே கட்டளையிட்டுக்கொள்ளலாம்.

அமைப்புகளில் ‘பில்ட் நம்பர்’ என்பதை ஏழு முறை தட்டினால் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ திறக்கும். வைஃபை இணைப்பு தேவை. நண்பரின் ஹாட்ஸ்பாட் போதும். வயர்லெஸ் டீபக்கிங்கை இயக்கி, குறியீட்டின் வழி இணைப்பதைத் தேர்ந்தால் ஆறு இலக்க எண்ணும் போர்ட் எண்ணும் தோன்றும். டெர்மக்ஸ் செயலியில் ‘ஆண்ட்ராய்டு டூல்ஸ்’ தொகுப்பை நிறுவி, ‘ஏ.டி.பி. பேர்’ கட்டளையோடு லோக்கல்ஹோஸ்ட் முகவரியையும் அந்தப் போர்ட் எண்ணையும் தர வேண்டும். பலரும் தடுமாறுவது இங்கேதான்: குறியீட்டுப் பெட்டியை மூடினால் அந்த எண் செல்லாததாகிவிடும். ஆகவே திரையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் ‘ஏ.டி.பி. கனெக்ட்’ கட்டளைக்குரிய போர்ட் வேறு; அது வயர்லெஸ் டீபக்கிங்கின் முதன்மைப் பக்கத்தில் இருக்கும்.

இணைந்தபின், ‘டம்ப்சிஸ் டிவைஸ்ஐடில் வைட்லிஸ்ட்’ கட்டளையால் பதிவுச் செயலிக்கு விலக்கு அளிக்கலாம். சில நிறுவனங்களின் கைப்பேசிகள் இதையும் மீறுவதுண்டு என்பதால், களத்துக்குச் செல்லுமுன் ஒரு மணி நேரம் ஓடவிட்டுச் சோதிக்க வேண்டும். ‘பி.எம். லிஸ்ட் பேக்கேஜஸ்’ கட்டளை, முகப்பில் சின்னத்தை மறைத்துக்கொண்டிருக்கும் உளவுச் செயலிகளின் பெயரையும் காட்டும். ஆனால் இது ரூட் அதிகாரமன்று; வாட்ஸ்அப்பின் உள்தரவுத்தளம் போன்றவற்றை இதனால் திறக்க இயலாது.

வேலை முடிந்ததும் வயர்லெஸ் டீபக்கிங்கை அணைத்துவிட வேண்டும். பீமா கோரேகான் வழக்கில் ரோனா வில்சனின் மடிக்கணினிக்குள் தீநிரல் வழியே ஆவணங்கள் புகுத்தப்பட்டதாக ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் 2021இல் அறிக்கை அளித்ததை நாம் மறக்கலாகாது. திறந்த கதவு எதுவாயினும் ஆபத்தே.

வழக்கறிஞர்களாக நாங்கள் கண்டிப்புடன் சொல்வது ஒன்று: வன்கொடுமையின் பதிவு ஏற்கெனவே உள்ள கைப்பேசியில் இவற்றில் எதையும் செய்யாதீர்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்திருப்பதைக் காட்டியே, கோப்பு திருத்தப்பட்டது என எதிர்த்தரப்பு வாதிடும். அதில் எதையும் நிறுவாமல், அழிக்காமல் வழக்கறிஞரிடம் கொண்டுசெல்லுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில், மின்னணுக் கோப்பின் ஹேஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். முன்கூட்டியே ஆயத்தம் செய்த களக் கைப்பேசியில், பதிவு முடிந்த சில நிமிடங்களிலேயே ‘எஸ்.எச்.ஏ. 256 சம்’ கட்டளையால் அதைக் கணக்கிடலாம், இதற்கு ஏ.டி.பி.கூட வேண்டாம், டெர்மக்ஸ் போதும். பின்னர் கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த மதிப்பு பொருந்தாது.

அந்த மாணவர் இரண்டாவது அமர்வுக்கு வேறொரு கைப்பேசியோடு வந்தார். பதிவு 52 நிமிடம் இடையறாது ஓடியது. வெளியே வேப்பமரத்தடியில் நின்று, 64 எழுத்துருக்கள் கொண்ட ஹேஷ் மதிப்பை அவர் படிக்கப் படிக்க, நாங்கள் தேதியும் நேரமும் இட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.