கர்ப்பப்பையை எடுக்கத்தான் வேண்டுமா?

பெண் உடல் அறிவோம் – 19

"ரெண்டு பிள்ளை பெத்தாச்சு. இனி அந்தப் பை எதுக்கும்மா? வச்சிருந்தா புத்துநோய்தான் வரும். எடுத்துட்டா நிம்மதி."

எந்த ஊரிலும் காதில் விழும் பேச்சு இது. சில நேரம் மருத்துவர் சொல்கிறார். சில நேரம் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட அக்காவோ நாத்தனாரோ சொல்கிறார்கள். பல நேரங்களில், மாதத்தில் பத்து நாள் ரத்தம் போய், படியேறினால் மூச்சு வாங்கி, வேலைக்கும் போக முடியாமல் தவிக்கும் பெண்ணே, "எடுத்து விட்டுடுங்க டாக்டர்" என்று கேட்கிறார்.

அதிக ரத்தப்போக்கு ஏன் வருகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். அதன் தொடர்ச்சியாகப் பல வாசகியர் கேட்டிருப்பது இந்த ஒரே கேள்வியைத்தான்: கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரத்தப்போக்கு, வலி, வெள்ளைப்படுதல் ஆகியவை நோயின் அறிகுறிகள். அறிகுறியை மட்டும் வைத்துக்கொண்டு கர்ப்பப்பையை எடுக்கக் கூடாது. என்ன நோய் என்று பெயர் சொல்லத் தெரிந்த பிறகு, அந்த நோய்க்கு வேறு வழி இல்லை அல்லது முயன்ற வழிகள் பலிக்கவில்லை என்று தெரிந்த பிறகு எடுத்தால், அது உயிரையும் வாழ்வையும் மீட்டுத் தரும் அருமையான சிகிச்சை.

முப்பத்து நான்கு வயதில்

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் 2015-16ஆம் ஆண்டுச் சுற்றில்தான் முதன்முறையாகக் கர்ப்பப்பை அகற்றம் பற்றி விரிவாகக் கேட்டார்கள். 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கும் சற்று அதிகமானோர் கர்ப்பப்பையை இழந்திருந்தார்கள். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இது நூற்றுக்கு ஏறக்குறைய எட்டு முதல் ஒன்பது. அறுவை சிகிச்சையில் மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடந்திருந்தது.

இவற்றைவிட என்னைக் கவலைகொள்ள வைப்பது வயதுக் கணக்கு. கர்ப்பப்பை எடுக்கப்பட்ட பெண்களின் இடைநிலை வயது 34. பாதிப் பேர் அந்த வயதை எட்டுவதற்குள்ளேயே எடுத்துக்கொண்டார்கள் என்று பொருள். கர்ப்பப்பைப் புற்றுநோயும் முற்றிய கர்ப்பப்பை இறக்கமும் பெரும்பாலும் அதற்கு வெகுகாலம் கழித்து வருபவை. அப்படியானால் இத்தனை இளம்பெண்களுக்கு எதற்காக எடுத்தார்கள்? அவர்கள் சொன்ன காரணங்களில் முதலிடம், அதிக ரத்தப்போக்கும் வலியும்தான்.

எடுப்பது எதை?

"பையை எடுத்தாச்சு" என்ற ஒரே சொல்லுக்குள் பல அறுவை சிகிச்சைகள் அடங்கியிருக்கின்றன. கர்ப்பப்பையின் உடல் பகுதியை மட்டும் எடுத்து, வாய்ப் பகுதியை விட்டுவிடுவது ஒன்று. இரண்டையும் சேர்த்து எடுப்பது இன்னொன்று. அதிகம் நடப்பது இதுதான். புற்றுநோய்க்காகச் சுற்றுத் திசுக்களையும் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுப்பது மூன்றாவது.

சினைப்பைகளை எடுப்பது இவை எல்லாவற்றிலிருந்தும் தனியான முடிவு. இதைத்தான் பல பெண்களிடம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. "எல்லாத்தையும் சேர்த்து எடுத்துட்டோம்" என்ற செய்தி, மயக்கம் தெளிந்த பிறகுதான் தெரியவருகிறது.

சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜனைச் சுரப்பவை. எலும்பின் உறுதி, இதயத்தின் நலம், தூக்கம், மனநிலை, தாம்பத்தியம் எல்லாம் அந்த ஹார்மோனோடு பிணைந்தவை. நாற்பது வயதுப் பெண்ணின் நல்ல சினைப்பைகளை எடுத்தால், ஏழெட்டு ஆண்டுகளில் மெல்ல வரவேண்டிய மாதவிடாய் நிறுத்தம் ஒரே நாளில் வந்துவிடும். உடம்பு தகிக்கும், எலும்பு வேகமாகத் தேயும், இதய நோய்க்கான வாய்ப்பு கூடும். 45 வயதுக்கு முன் இரண்டு சினைப்பைகளும் எடுக்கப்பட்டிருந்தால், தடை ஏதும் இல்லாத பட்சத்தில், இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயது வரையாவது ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தருவது பற்றி மருத்துவர் பேசியாக வேண்டும். சினைப்பைகளை விட்டுவைத்தாலும்கூட, கர்ப்பப்பை எடுத்த சிலருக்கு அவற்றின் செயல்பாடு சில ஆண்டுகள் முன்னதாகவே நின்றுவிடுகிறது.

எடுத்தே ஆக வேண்டிய நேரங்கள்

கர்ப்பப்பை உள்வரியில் வரும் புற்றுநோய்க்கு முதல் சிகிச்சையே கர்ப்பப்பை அகற்றம்தான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் தொடக்க நிலைகளிலும், சினைப்பைப் புற்றுநோயிலும் பெரும்பாலும் எடுக்க வேண்டியிருக்கும். உள்வரி தடித்து, பயாப்சியில் செல்கள் திரிந்திருப்பது தெரிந்தால், குழந்தை வேண்டாதவர்களுக்கு எடுத்துவிடுவதே நல்லது. அங்கே தாமதம்தான் ஆபத்து.

பிரசவ நேரத்து அவசரம் இன்னொன்று. குழந்தை பிறந்த பிறகு ரத்தம் நிற்காமல் கொட்டும்போது, மருந்து, பலூன், தையல் எதற்கும் கட்டுப்படாவிட்டால், தாயின் உயிரைக் காக்க எடுத்துத்தான் ஆக வேண்டும். முந்தைய சிசேரியன் தழும்பில் நஞ்சு வேரோடிப் பதிந்திருப்பவர்களுக்கு இந்த நிலை வரக்கூடும். சிசேரியன் எண்ணிக்கை கூடக் கூட அந்த வாய்ப்பும் கூடுகிறது.

மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் மருத்துவரிடம் போங்கள். அப்போதும் உடனே அறுவை சிகிச்சைக்கு அவசரப்பட வேண்டாம். முதலில் ஸ்கேன், தேவைப்பட்டால் பயாப்சி. முடிவு அதன் பிறகு.

மாற்று வழி உள்ள நேரங்கள்

நார்க்கட்டிதான் அதிகம் பேரைப் பயமுறுத்துவது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் மூன்று சென்டிமீட்டர் கட்டி தெரிந்ததும் வீடே கலங்கிப் போகிறது. தொந்தரவு தராத நார்க்கட்டிக்குச் சிகிச்சையே தேவையில்லை. அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும். அது புற்றுநோயாக இருப்பது மிக மிக அபூர்வம். மாதவிடாய் நின்ற பிறகு பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும். அந்த வயதுக்குப் பிறகும் வளர்ந்தால்தான் சந்தேகிக்க வேண்டும்.

ரத்தப்போக்கு அதிகமாக இருந்தால் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் முதலில் பார்க்க வேண்டும். 45 வயதைத் தாண்டியவர்களுக்கும், உடல் பருமன், நீரிழிவு உள்ளவர்களுக்கும் உள்வரியிலிருந்து பயாப்சி எடுத்துப் பார்ப்பது அவசியம். அதில் கெடுதல் இல்லை என்று தெரிந்தால் சிகிச்சைக்குப் பல படிகள் உண்டு. மாதவிடாய் நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்சாமிக் அமிலம் ரத்த இழப்பை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும். அடுத்தது ஹார்மோன் மாத்திரைகள்.

அதையும் விடச் சிறந்தது கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சுருள். காப்பர்-டி போன்ற உருவம்தான். ஆனால் சிறுகச் சிறுக ஹார்மோனைக் கசியவிட்டு உள்வரியை மெலிய வைக்கும். ஐந்து ஆண்டுகள் வேலை செய்யும். முதல் சில மாதங்கள் விட்டுவிட்டுத் துளித்துளியாகப் படலாம். அதைப் பொறுத்துக்கொண்டால் பெரும்பாலானோருக்கு ரத்தப்போக்கு வெகுவாகக் குறையும். சிலருக்கு நின்றே போகும். உள்வரித் திசு தசைக்குள் ஊடுருவி, பை வீங்கி, கடும் வலி தரும் அடினோமயோசிஸ் நோய்க்கும் இது நல்ல பலன் தருகிறது. அதன் விலையைக் கேட்டுத் தயங்குகிறவர்கள், அறுவை சிகிச்சைச் செலவையும் ஆறு வாரக் கூலி இழப்பையும் அதன் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கட்டியை மட்டும் எடுத்துக் கர்ப்பப்பையைக் காப்பாற்றும் அறுவை சிகிச்சையும் உண்டு. கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயை அடைப்பது, உள்வரியைச் சூட்டால் கருக்குவது என்ற வழிகளும் உண்டு. உள்வரியைக் கருக்குவது இனிக் குழந்தை வேண்டாதவர்களுக்கு மட்டும். கர்ப்பப்பை இறக்கத்தின் தொடக்க நிலையில் இடுப்புத் தளப் பயிற்சியும், உள்ளே பொருத்தும் வளையமும் கைகொடுக்கும். இவ்வளவும் பார்த்து, எதுவும் பலிக்காமல், இனித் தாங்க முடியாது என்று அந்தப் பெண் முடிவெடுத்தால், கர்ப்பப்பை அகற்றம் நியாயமான சிகிச்சை. அதற்காக யாரும் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை.

காரணமே ஆகாதவை

வெள்ளைப்படுதலுக்காக மட்டும் கர்ப்பப்பையை எடுக்கவே கூடாது. கிருமித் தொற்று இருந்தால் மருந்து போதும். "கர்ப்பப்பை வாய்ப்புண்" என்று சொல்லி எடுக்கச் சொன்னால் நிதானியுங்கள். அப்படிச் சொல்லப்படுவது பெரும்பாலும் உட்பக்கச் செல்கள் வாய்ப் பகுதிக்கு வெளியே படர்ந்திருக்கும் இயல்பான நிலை. பார்க்கத்தான் சிவந்து புண்போல இருக்கும். வாய்ப் பகுதியில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் உண்மையிலேயே இருந்தாலும், அந்த இடத்தை மட்டும் உறையவைத்தோ, சுட்டோ, வெட்டியோ குணப்படுத்திவிடலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்கான பரிசோதனையை இலவசமாகவே செய்துகொள்ளலாம். புற்றுநோய் பயத்துக்குச் சரியான பதில் அந்தப் பரிசோதனை.

பீட் பெண்கள்

பிழை மருத்துவமனைக்குள் மட்டும் இல்லை என்பதற்கு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் சாட்சி. அங்கிருந்து ஆண்டுதோறும் பல ஆயிரம் தம்பதிகள் கரும்பு வெட்டப் போகிறார்கள். கணவன் மனைவி இருவரையும் சேர்த்து ஒரு கூலிக் கணக்கு, முன்பணம் வாங்கியாகிவிட்டது, ஒரு நாள் வராவிட்டால் அபராதம். வயல் ஓரக் குடிசையில் கழிப்பறையும் இல்லை, தண்ணீரும் இல்லை. மாதவிடாய் வந்தால் எங்கே போவது? 2019இல் மாநில அரசு நீலம் கோரே தலைமையில் அமைத்த குழு, கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரை விசாரித்தது. அவர்களில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. நூற்றுக்குப் பதினாறு பேருக்கும் மேல்!

அந்தப் பெண்களுக்குத் தேவைப்பட்டது விடுப்பு, கழிப்பறை, தொற்றுக்கு மருந்து. கிடைத்தது கத்தி. உழைக்கும் பெண் கர்ப்பப்பையை இழந்தால்தான் கூலி நிற்காது என்ற நிலையை ஒரு சமூகம் அனுமதிக்கிறது என்றால், அது நம் எல்லோரின் குற்றம்.

ராஜஸ்தான், பிகார், சத்தீஸ்கர் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையின்றி நடந்த கர்ப்பப்பை அகற்றங்களை எதிர்த்து மருத்துவர் நரேந்திர குப்தா உச்ச நீதிமன்றம் சென்றார். 2023 ஏப்ரல் 5 அன்று தீர்ப்பு வந்தது. மத்திய சுகாதார அமைச்சகம் 2022இல் வகுத்த வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. இந்த அறுவை சிகிச்சைகளைக் கண்காணிக்க மாவட்டம், மாநிலம், தேசம் என மூன்று மட்டங்களிலும் குழுக்கள் அமைக்க அந்த நெறிகள் வழிசெய்கின்றன.

கையெழுத்து யாருடையது?

டெல்லியில் 1995இல் 44 வயதுப் பெண் ஒருவர் ரத்தப்போக்குக்காக மருத்துவமனைக்குப் போனார். குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குத்தான் சம்மதித்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்து இல்லாத நிலையில், சுயநினைவோடு முடிவெடுக்கக் கூடிய பெண்ணுக்காகத் தாய்கூடச் சம்மதம் தர முடியாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் அறுவை சிகிச்சைக்குச் செல்லாது என்றும் சொன்னது. தாய்க்கே இல்லாத அந்த அதிகாரம் கணவருக்கும் மாமியாருக்கும் இல்லை.

கையெழுத்துப் போடும் முன் மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

• எனக்கு வந்திருக்கும் நோயின் பெயர் என்ன? எந்தப் பரிசோதனையில் தெரிந்தது?

• பயாப்சி தேவையா? எடுத்திருந்தால் முடிவு என்ன?

• மருந்து, ஹார்மோன் சுருள், கட்டியை மட்டும் எடுப்பது ஆகியவற்றில் எனக்கு எது பொருந்தும்? பொருந்தாது என்றால் ஏன்?

• சினைப்பைகளை எடுப்பீர்களா? எடுப்பதென்றால் என்ன காரணம்?

• வயிற்றைத் திறந்தா, லேப்ராஸ்கோப்பியா, பிறப்புறுப்பு வழியாகவா? வயிற்றில் தழும்பே இல்லாத கடைசி வழி எனக்குச் சாத்தியமா?

• சிறுநீர்ப்பை, சிறுநீர்க் குழாய் காயப்படும் வாய்ப்பு எவ்வளவு? எத்தனை வாரம் கனம் தூக்கக் கூடாது?

ஸ்கேன், பயாப்சி அறிக்கைகள் உங்கள் கையில் இருக்கட்டும். அவசரம் இல்லாத எந்த நிலையிலும் இன்னொரு மகப்பேறு மருத்துவரிடம், முடிந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், அவற்றைக் காட்டிக் கருத்துக் கேளுங்கள். கேள்வி கேட்டால் டாக்டர் கோபப்படுவாரோ என்று தயங்க வேண்டாம். நேர்மையான மருத்துவருக்கு இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் முன்பே தெரிந்திருக்கும்; அவற்றுக்குப் பதில் தேடிய பிறகுதான் அவர் அறுவை சிகிச்சை என்ற முடிவுக்கே வந்திருப்பார். பதில் சொல்லாமல் தேதி மட்டும் குறித்துக் கொடுப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

(தொடரும்)

அடுத்த வாரம்: கர்ப்பப்பை எடுத்த பிறகு – உணவு, உடற்பயிற்சி, தாம்பத்தியம்