பயண ஒளிப்படக்காரருக்கு எத்தனை பேட்டரி தேவை?

கேமரா பேட்டரியின் மேலுறையில் அச்சாகியிருக்கும் மில்லி ஆம்பியர்-மணி என்ற எண்ணை மட்டும் பார்த்து அதன் ஆற்றலைக் கணித்துவிட முடியாது. அந்த எண்ணை ஆயிரத்தால் வகுத்து மின்னழுத்தத்தால் பெருக்கும்போது கிடைக்கும் வாட்-மணியே சேமிப்பில் உள்ள மொத்த ஆற்றலைக் காட்டும் அளவாகும். கேனான் எல்பி-இ6என் பேட்டரியின் மின்னழுத்தம் 7.2 வோல்ட், கொள்ளளவு 1,865 மில்லி ஆம்பியர்-மணி என்பதால், அதன் ஆற்றல் 13 வாட்-மணியைச் சற்றுத் தாண்டுகிறது.

அதே ஆற்றல் எல்லாக் கேமராவிலும் ஒன்றுபோல் உழைப்பதில்லை. இந்தப் பேட்டரியைக் கொண்டு, ஒளியை ஆடி வழியே கண்ணுக்கு அனுப்பும் டிஎஸ்எல்ஆர் வகைக் கேமராவான 5டி மார்க் 4 ஏறத்தாழ 900 படங்கள் எடுக்கும் என்றும், உணரியையும் திரையையும் இடைவிடாமல் இயக்கவேண்டிய மிரர்லெஸ் வகையான இஓஎஸ் ஆர் சுமார் 370 படங்களே எடுக்கும் என்றும் நிறுவனமே குறிப்பிடுகிறது. ஆனால், இவை ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் தரமுறைப்படி, மிதமான அறை வெப்பநிலையில் அளக்கப்பட்ட எண்கள். பயணத்தில் கேமரா விழித்திருக்கும் நேரமே பேட்டரியைத் தின்கிறது என்பதால், வெளிச்சத்துக்காகத் திரையைப் பார்த்தபடி காத்திருப்பவருக்கு இந்த எண்ணிக்கையில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம்.

குளிர்ப் பகுதிகளில் நிலைமை இன்னும் கடுமையாகும். கடல்மட்டத்திலிருந்து 4,200 மீட்டருக்கு மேல் அமைந்து, குளிர்காலத்தில் உறைந்துபோகும் லடாக்கின் பாங்காங் ஏரிக்கரையில், மின்பகுபொருள் எனப்படும் உட்திரவத்தினூடே லித்தியம் அயனிகள் நகரும் வேகம் தணிந்து, பேட்டரியின் அகத்தடை உயர்கிறது. கேமரா மின்னோட்டத்தை இழுக்கும்போது மின்னழுத்தம் சட்டெனச் சரிவதால், உள்ளே ஆற்றல் மிஞ்சியிருந்தும் பேட்டரி தீர்ந்துவிட்டதாகக் கருவி கருதிக்கொள்கிறது. சட்டையின் உட்பையில் உடற்சூட்டோடு வைத்திருந்த இன்னொன்றைப் பொருத்தினால் வேலை தொடரும். கழற்றிய பேட்டரியும் சூடேறிய பின் பெருமளவு உயிர்பெறும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்வதோ வேறு வகையான தீங்கு: எதிர்மின்முனையில் லித்தியம் உலோகமாகப் படிந்து, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையக்கூடும்.

ஆகவே ஒரு பெரிய பவர் பேங்கை நம்பிச் செல்வதைவிட, மிரர்லெஸ் கேமராவுக்கு மூன்று பேட்டரிகளைச் சுழற்சியில் பயன்படுத்துவதே இத்தகைய இடங்களுக்கு ஏற்றது. விமானத்தில் உதிரிப் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுசெல்ல வேண்டும். சரக்குப் பெட்டியில் அனுமதி இல்லை. ஒவ்வொன்றுக்கும் பொதுவான வரம்பு 100 வாட்-மணி என்பதால் கேமரா பேட்டரிக்குச் சிக்கல் எழாது என்றாலும், குறுக்குச்சுற்று ஏற்படாதபடி மின்முனைகளை மூடியாலோ நாடாவாலோ மறைக்க வேண்டும்.

விலை குறைந்த மாற்று பேட்டரிகளில், அதே அளவு உறைக்குள் மூலப் பேட்டரியைவிட மிக அதிகக் கொள்ளளவு இருப்பதாகச் சொல்பவற்றை ஒதுக்குவது நல்லது. தரக்குறைவானது உப்பிப்போனால் கேமராவின் பேட்டரி அறையிலேயே இறுகி, அதைக் கழற்றுவதற்குப் பழுதுபார்ப்பவரைத் தேடவேண்டி வரும்.