முட்டை எடுக்கும் மாதம் வேறு, கரு வைக்கும் மாதம் வேறு

முப்பது ஆண்டுகளுக்கு முன் ஐவிஎஃப் சிகிச்சையில் முட்டை எடுத்து முடித்த சில நாளில் வயிறு உப்பி, மூச்சு வாங்க, மருத்துவமனைக்குத் திரும்பி வந்த பெண்களைத் தினமும் டேப் வைத்து இடுப்பளவு பார்ப்பார்கள். எடை போடுவார்கள். சிறுநீர் எத்தனை மில்லி போனது என்று குறித்து வைப்பார்கள். நீர் கட்டுக்கடங்காமல் போனால் வயிற்றில் ஊசி செருகி வடிப்பார்கள். சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதன் விளைவு இது. ஓஎச்எஸ்எஸ் என்பார்கள்.

உலகின் முதல் ஐவிஎஃப் குழந்தையாக 1978-ல் பிறந்த லூயிஸ் பிரவுனின் தாய்க்கு இந்தத் தொல்லை இல்லை. இயற்கையாக விளைந்த ஒரே முட்டையைத்தான் எடுத்தார்கள். பல முட்டைகளுக்காக ஹார்மோன் ஊசி போடத் தொடங்கிய பிறகு வெற்றியும் கூடியது, ஆபத்தும் கூடியது. முட்டைகள் முதிரக் கடைசியாகப் போடும் ட்ரிக்கர் ஊசியில் இருந்தது எச்சிஜி என்ற ஹார்மோன். அது உடலில் பல நாள் தங்கும். தூண்டப்பட்ட சினைப்பை அதன் வேகத்தில் விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்க, ரத்தக் குழாய்ச் சுவர்கள் இளகி நீர் வயிற்றுக்குள் கசியும். குழாய்க்குள் மிஞ்சும் ரத்தம் கெட்டியாகி உறையவும் கூடும். உயிருக்கே ஆபத்தான கட்டம் அது. நீர்க்கட்டிப் பிரச்சினை (பிசிஓஎஸ்) உள்ள இளம் பெண்களுக்கே இது அதிகம் வந்தது.

இதில் பெரிய கொடுமை, ஏங்கிக் காத்திருந்த கரு தங்கினால் நோய் முற்றுவதுதான். கருவும் எச்சிஜி சுரக்குமே! ஊசியை நிறுத்திச் சில நாள் பொறுத்துப் பார்ப்பது, ஆல்புமின் ஏற்றுவது, அந்த மாதச் சிகிச்சையையே கைவிடுவது: அன்றைய மருத்துவர் கையில் இருந்தவை இவைதான்.

இன்று, முட்டை முன்கூட்டியே வெளியேறாமல் தடுக்கும் ஆன்டகனிஸ்ட் முறையில் தூண்டும்போது எச்சிஜிக்குப் பதில் அகோனிஸ்ட் ஊசியை ட்ரிக்கராகப் போடலாம். அந்த ஊசியால் பெண்ணின் பிட்யூட்டரிச் சுரப்பியே சொந்த ஹார்மோனைச் சுரந்து, ஓரிரு நாளில் அடங்கிவிடும். முன்பு வழக்கமாக இருந்த நீண்ட முறையில் பிட்யூட்டரியை முதலிலேயே அடக்கிவிடுவதால் இதற்கு வழியில்லை. முட்டைக் கையிருப்பைக் காட்டும் ஏஎம்எச் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் யாருக்கு ஆபத்து என்று முன்கூட்டியே காட்டுகின்றன. மருந்தளவைக் குறைத்துத் தொடங்குகிறார்கள். விஇஜிஎஃப்பின் வேகத்தைத் தணிக்கும் காபர்கோலின் மாத்திரையும் தருகிறார்கள்.

ஆனால் அகோனிஸ்ட் ட்ரிக்கருக்குப் பின் அதே மாதம் கரு வைத்தால் கருப்பைக்குக் கிடைக்கும் ஹார்மோன் ஆதரவு சீக்கிரம் தளர்ந்து, கர்ப்பம் நிற்பது குறைந்தது. எனவே எல்லாக் கருக்களையும் உறைய வைத்து, உடல் தணிந்த பின் வைப்பது என்றானது. பிரஸ்ஸல்ஸின் தெவ்ருவா குழு 2011-ல் இதையே ஓஎச்எஸ்எஸ் இல்லாத மருத்துவமனைக்கான வழியாக முன்வைத்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் கொல்கத்தா மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் நினைவுக்கு வருகிறார். வேறு காரணத்துக்காகத்தான் என்றாலும், ஊசியால் தூண்டி எடுத்த முட்டையில் உருவான கருவை உறைய வைத்து, பிந்தைய மாதத்தில் வைத்தவர் அவர். குழந்தை பிறந்தது 1978 அக்டோபர் 3. அவரை நம்பாத அரசு விசாரணைக் குழுவின் அவமதிப்புக்குப் பின், 1981-ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

கருவை உறைய வைக்கும் இந்தத் தடுப்பு நடவடிக்கை சிகிச்சையின் வெற்றியைக் குறைக்குமோ என்ற அச்சத்துக்கு 2016-ல் சீன ஆய்வு ஒன்று பதில் தந்தது. பிசிஓஎஸ் உள்ள 1,508 பெண்களில், உறைந்த கரு வைத்தவர்களில் 49.3 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. உடனே வைத்தவர்களில் 42. ஓஎச்எஸ்எஸ் 7.1 சதவீதத்திலிருந்து 1.3 ஆகக் குறைந்தது. ஆனால் கர்ப்பகால ரத்த அழுத்தக் கோளாறான ப்ரீஎக்ளாம்ப்சியா 1.4-லிருந்து 4.4 ஆகக் கூடியது. பிசிஓஎஸ் இல்லாத பெண்களிடம் 2018-ல் வியட்நாமில் நடந்த ஆய்வில் கருத்தரிப்பு விகிதத்தில் பெரிய வேறுபாடே இல்லை. ஆகவே எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு உறைய வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்குத் தனிச் செலவு உண்டு. "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்பவர்களிடம் இன்னும் ஒரு மாதம் பதில் சொல்லவும் வேண்டும். ஆபத்து உள்ள பெண்ணுக்கோ அந்த ஒரு மாதம் பெரிய காப்பு.

இன்றும் ஓஎச்எஸ்எஸ் முழுமையாக ஒழியவில்லை. முட்டை எடுத்தபின் எடை மளமளவென ஏறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ காலைவரை பொறுக்காமல் இரவிலேயே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.